மணியை மாற்றினால் படுகை சரியாகுமா?

கேள்வி (ஆகஸ்டு 9): பினாங்கின் பெருநிலப் பகுதியில், பிறை என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஈஸ்டுக்குள் விளையும் ஒரு நொதியைப் பிரித்தெடுக்கிறோம். ஈஸ்டை உடைத்து, வடிகட்டாமல், அப்படியே டிஇஏஇ மணிகள் (நேர்மின் சுமையால் புரதத்தைப் பிடிக்கும் குட்டி உருண்டைகள்) போட்ட விரிந்த படுகைக்குள் கீழிருந்து மேலே ஏற்றுகிறோம். முதல் கால் மணி நேரம் பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் படுகைக்குள் கோடு கோடாகத் தண்ணீர் பீறிடும், மணிகள் கட்டி கட்டியாகச் சேரும், நொதியில் பாதிக்கு மேல் பிடிபடாமல் வெளியே போய்விடும். கனமான மணி வாங்கினால் சரியாகிவிடும் என்று விற்பனையாளர் சொல்கிறார். வாங்கலாமா அண்ணே?

ஆகஸ்டு 9, இரவு

வாங்காதே தம்பி. இப்போதைக்கு வாங்காதே.

பினாங்குப் பாலத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். நாளைக்கு எழுதுகிறேன். அதற்குள் ஒன்று பார்த்து வை: வெறும் பஃபர் (பிஎச் மாறாத கரைசல்) ஓடும்போது படுகை எத்தனை மடங்கு உயர்கிறது, உடைத்த ஈஸ்ட் ஓடும்போது எத்தனை மடங்கு?

ஆகஸ்டு 10

புதிதாகப் படிப்பவர்களுக்கு முதலில் அடிப்படை. அரிசி அரிப்பதைப் பார்த்தவர்களுக்குப் பாதிப் பாடம் முடிந்தது. சட்டியைச் சுழற்றி அடுத்த சட்டியில் சாய்த்தால் அரிசி தண்ணீரோடு போய்விடும், கல் அடியில் தங்கும். என் அம்மா இதைப் பேசிக்கொண்டே செய்வார், கண் சட்டியில்கூட இருக்காது. எது எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறது என்பதுதான் சங்கதி.

இறுக்கி அடைத்த படுகையில் உடைந்த செல்களோடு கரைசலை ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் வழக்கமாக முதலில் சென்ட்ரிபியூஜ், பிறகு வடிகட்டி, அதற்குப் பிறகு படுகை. பாய்மப் படுகையில் கரைசல் கீழிருந்து வரும். மணிகள் எழும்பும், இடைவெளி திறக்கும், செல் சிதைவுகள் நடுவே புகுந்து மேலே போய்விடும், புரதம் மட்டும் மணியில் ஒட்டும். மூன்று வேலை ஒரே வேலையாகிறது. புது யோசனையும் இல்லை. 1950-களிலேயே ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை நொதித்த கரைசலிலிருந்து இப்படி அயனிப் பரிமாற்ற மணிகளில் பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் சாதாரணப் பாய்மப் படுகையில் மணிகள் கொதிக்கிற சோறு மாதிரி மேலும் கீழும் புரளும். கீழே நிறைந்த மணி மேலே வந்துவிடும், மேலே காலியாக இருந்தது கீழே போய்விடும். எல்லாம் கலந்துபோனால் பிடிப்பு பாழ். விரிந்த படுகையில் ஒரு தந்திரம் உண்டு. மணிகளை வேண்டுமென்றே ஒரே அளவில் செய்ய மாட்டார்கள். 100 முதல் 300 மைக்ரான் வரை கலந்திருக்கும். பெரியது கீழே, சிறியது மேலே என்று அதுவாகவே அடுக்கிக்கொள்ளும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரவர் மாடியில் அவரவர் இருப்பது போல. ஒவ்வொரு மணியும் தன் இடத்தில் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கேம்பிரிட்ஜில் ஹோவர்ட் சேஸ் குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் இதைக் கட்டிக் காட்டினார்கள். பிறகு ஃபார்மாசியா 'ஸ்ட்ரீம்லைன்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது: அகரோஸ் மணி, உள்ளே குவார்ட்ஸ் துணுக்கு. குவார்ட்ஸ் இல்லாவிட்டால் அகரோஸ் தண்ணீரோடு தண்ணீராக மேலே போய்விடும்.

ஆகஸ்டு 10, கொஞ்சம் கழித்து

மணிகள் நிற்கும் கண்ணாடிக் குழாயை வேலை இடத்தில் எல்லாரும் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து 'காலம்' (column) என்றுதான் சொல்வோம். எழுத்தில் வந்தால் வம்பு. 'காலம் சாய்ந்துவிட்டது', 'காலம் அடைத்துக்கொண்டது' என்று எழுதினால் ஏதோ ஒப்பாரி மாதிரி இருக்கிறது. இனிமேல் தூண் என்றே எழுதுகிறேன்.

ஆகஸ்டு 13

மணிக்குக் காசு செலவழிப்பதற்கு முன் தூண் நேராக நிற்கிறதா என்று பார். சிரிக்காதே.

பல வருடங்களுக்கு முன் நான் இருந்த இடத்தில் (பெயர் வேண்டாம், பெருநிலத்தில் ஓர் ஆலை) விரிந்த படுகை ஒன்றை முன்னோட்டக் கூடத்தில் நிறுத்தியிருந்தோம். ஆய்வுக்கூடத்தில் நன்றாக ஓடிய அதே மணி, அதே பஃபர். கூடத்தில் வந்ததும் ஒரு பக்கம் மணிகள் வேகமாக ஏறின, எதிர்ப்பக்கம் கண்ணாடியை ஒட்டிச் சறுக்கிக்கொண்டு இறங்கின. நான் பம்பைக் குறை சொன்னேன். பம்பை மாற்றினோம். பிறகு கரைசலைப் பரப்பிவிடும் துளையுள்ள அடித்தட்டைக் குறை சொன்னேன். அதையும் கழற்றிக் கழுவினோம். ஓட்ட வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், மூன்று வாரம் போனது.

சுவர் பூசுகிற வேலைக்கு வந்திருந்த ஒரு மேஸ்திரி தேநீர் இடைவேளையில் எங்கள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். நம்ம ஆள், சுங்கை பட்டாணிக்காரர். தூணை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது தூக்கில் இல்லையே" என்றார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். ஒரு மீட்டர் உயரத்தில் பத்து மில்லிமீட்டர் விலகல்.

காரணம் தரை. ஈரமாகும் கூடங்களில் தரையைச் சாக்கடைப் பக்கம் வாட்டம் கொடுத்துத்தான் போடுவார்கள், நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில். எங்கள் தூண் சக்கரம் வைத்த சட்டத்தில் நின்றது. தரை எப்படியோ தூணும் அப்படியே. அரை டிகிரிக்குச் சற்று மேல். கண்ணுக்குத் தெரியாது. மணிக்குத் தெரியும். அது நேர் கீழே விழப் பார்க்கும், கரைசல் தூணின் போக்கில் போகும், ஒரு சுவர்ப் பக்கம் மணி குவியும், எதிர்ச்சுவரில் கரைசலுக்கு ராஜபாட்டை. இதைவிடக் குறைந்த சாய்விலேயே படுகைக்குள் கலப்பு மோசமாகிறது என்று பிறர் அளந்து எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். முன்பே படித்திருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

ஆகஸ்டு 14

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். நேராக்கியது உதவியதா என்று எப்படித் தெரிந்துகொண்டேன்? கண்ணால் பார்த்து இல்லை. மணி இருக்கும் படுகையில் பஃபர் ஓடும்போது கீழே கொஞ்சம் அசிட்டோன் செலுத்தி, மேலே வெளிவரும் இடத்தில் புறஊதா ஒளியில் பார்ப்பார்கள். குறுகலான மேடாக வந்தால் கரைசல் அடுக்கு கலையாமல் ஏறியிருக்கிறது. வாலை இழுத்துக்கொண்டு வந்தால் உள்ளே எங்கோ கலக்கிறது.

முதல் தடவை எனக்கு அசிட்டோன் கைவசம் இல்லை. வீட்டில் நாசி கெராபு என்ற நீலச் சோற்றுக்காக மனைவி காயவைத்திருந்த சங்குப்பூ இருந்தது. நல்ல நீலம், கண்ணாலேயே பார்க்கலாம் என்று கொண்டுபோனேன். டிஇஏஇ மணிகள் நீலத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டன. மேலே ஒரு சொட்டு வரவில்லை. அடி அடுக்கு ஒரு வாரம் ஊதாவாக இருந்தது. உப்பு போட்டுக் கழுவி, காஸ்டிக் போட்டுக் கழுவி, மேலாளரிடம் 'புது வகை மணி' என்று சொல்லிச் சமாளித்தேன். ஒட்டாத பொருளைத்தான் செலுத்த வேண்டும். பொறியியல் படித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகஸ்டு 17

உன் பதில் கிடைத்தது. பஃபரில் இரண்டு மடங்கு, உடைத்த ஈஸ்டில் 'தூணின் உச்சி வரை'. சரி, கணக்குப் போடுவோம்.

ரிச்சர்ட்சன், ஜாக்கி இருவரும் 1954-இல் தந்த சமன்பாடு இன்றைக்கும் போதும்: ஓட்ட வேகம் = ஒற்றை மணி விழும் வேகம் × இடைவெளிப் பின்னத்தின் 4.8 அடுக்கு. அமர்ந்திருக்கும் படுகையில் இடைவெளி (மணி இல்லாத பங்கு) 0.4. இரண்டு மடங்கு உயர்ந்தால் 0.7. 200 மைக்ரான் மணி, தண்ணீரைவிட 0.18 கிராம்/மி.லி. கூடுதல் அடர்த்தி, 20 டிகிரித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் அது தனியாக விழும் வேகம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1,400 செ.மீ. அப்படியானால் இரண்டு மடங்கு விரிவுக்கு ஒரு மணி நேரத்துக்கு 255 செ.மீ. ஓட்டம் வேண்டும். இந்த வகை மணிகளை 200 முதல் 400 வரை ஓட்டுவது வழக்கம், கணக்கு பொருந்துகிறது.

இப்போது கரைசலைக் கெட்டியாக்கு. பாகுநிலை 3 மடங்கானால் மணி விழும் வேகம் மூன்றில் ஒன்றாகும், அதே 255-இல் படுகை ஐந்து மடங்கு உயரும். 15 செ.மீ. படுகை 75 செ.மீ. ஆகிவிடும். 5 மடங்கானால் கணக்கே போட வேண்டாம், மணி மேல்மூடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வெறும் குளிர்கூடப் போதும். எங்களிடம் கரைசல் தொட்டி குளிர்பெட்டியில் இருந்தது, 5 டிகிரி. பஃபர் வெளியே, 20 டிகிரி. பஃபரில் 30 செ.மீ. இருந்த படுகை கரைசலுக்கு மாற்றியதும் ஏறிக்கொண்டே போய் 38-இல் நின்றது. புரதம் இன்னும் போடவே இல்லை, அன்றைக்கு வெறும் உப்புக் கரைசல்! வெளியே 33 டிகிரி வெயில், நாங்கள் உள்ளே குளிரால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தோம். பினாங்கில் இது ஒரு தனிக் கூத்து.

இரண்டாவது வேலை அதனால் இது: கரைசலின் பாகுநிலையை, ஓட்டப்போகும் அதே வெப்பநிலையில் அள.

ஆகஸ்டு 19

ஒரு திருத்தம். மேலே ஒற்றை மணி விழும் வேகத்துக்கு ஸ்டோக்ஸ் விதியை (வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை) முழு நம்பிக்கையோடு போட்டேன். 200 மைக்ரான் வரை ஓரளவு சரி. 300 மைக்ரான் மணி 100 மைக்ரானைவிட ஒன்பது மடங்கு வேகமாக விழும் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டேன், அது மிகை. பெரிய மணியைச் சுற்றி ஓட்டம் அவ்வளவு சாதுவாக இருக்காது, ஸ்டோக்ஸ் தரும் எண்ணைவிட மெதுவாகத்தான் விழும். அடுக்கு உருவாகும் என்பதில் மாற்றமில்லை, ஒன்பது என்பதில்தான் மாற்றம்.

ஆகஸ்டு 31

விடுமுறை. பிள்ளைகளை ஈப்போவில் பாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்து பத்து காஜா பக்கம் தஞ்சோங் துவாலாங்குக்குப் போய் அந்தப் பழைய ஐந்தாம் எண் ஈயக் கப்பலை (வெள்ளீயத்தாது தோண்டிய மிதவை) பார்த்தோம். 1938-இல் கட்டியது, 1982 வரை ஓடியது. இரும்பு வாளிகள் வரிசையாக மண்ணைக் கோரி மேலே கொண்டுவரும். உள்ளே ஜிக் பெட்டிகள், தண்ணீர் கீழிருந்து விட்டுவிட்டுத் தள்ளும், மணல் எழும்பிப் போகும், ஈயத்தாது அடியில் தங்கும். மணல் தண்ணீரைப் போல் 2.65 மடங்கு கனம், ஈயத்தாது ஏறத்தாழ 7 மடங்கு. என் மாமியாரின் அம்மா இளவயதில் ஈயலம்பத்தில் (ஈயச் சுரங்கத்தில்) டூலாங் அலசியவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று மரத்தட்டைச் சுழற்றுவது. அதே அரிசிச் சட்டி வித்தைதான், கூலி மட்டும் வேறு.

கனமான மணி என்று சொன்னாயே, அந்த மணிகளும் இதே யோசனைதான். குவார்ட்ஸுக்குப் பதிலாக டங்ஸ்டன் கார்பைடுத் துணுக்கை உள்ளே வைக்கிறார்கள். அதன் அடர்த்தி 15-க்கு மேல். டென்மார்க்கில் அப்ஃப்ரன்ட் என்ற நிறுவனம் இந்த வழியில் போனது. மணி கனமானால் வேகமாக ஓட்டலாம், கெட்டியான கரைசலையும் தாங்கும், மணியைச் சின்னதாக்கினாலும் பறந்துபோகாது. சின்னதானால் புரதம் உள்ளே போய்ச் சேரும் தூரம் குறையும். ஆரம் பாதியானால் நேரம் நாலில் ஒன்று. இது பெரிய லாபம், மறுக்கவில்லை.

பிறகு ஏன் வாங்காதே என்றேன்? குழந்தை காரில் வாந்தி எடுக்கிறான், அப்புறம்.

செப்டம்பர் 6

ஒரு வாரமாக உன் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. சாய்வு, குளிர், பாகு என்று என் பழைய தலைவலிகளையே உன் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நீ முதல் நாளே தெளிவாக எழுதியிருக்கிறாய்: 'முதல் கால் மணி நேரம் அழகாக இருக்கும்.' தூண் சாய்ந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே அசிங்கமாக இருக்கும். பாகு என்றால் படுகை உயரும், கட்டி கட்டியாகச் சேராது. மணிகள் கட்டி சேர்கின்றன என்றால் நடுவே ஏதோ பசை இருக்கிறது.

பசை உன் ஈஸ்ட்தான். டிஇஏஇ நேர்மின் சுமை கொண்டது. ஈஸ்ட் சுவர்த் துண்டுகள் எதிர்மின் சுமை. உடைந்த செல்லிலிருந்து வெளியே கொட்டும் டிஎன்ஏ, ஆர்என்ஏ அதைவிட எதிர்மின் சுமை, போதாக்குறைக்கு நீள நீளமான நூல். ஒரு நூலின் இந்த முனை ஒரு மணியில், அந்த முனை அடுத்த மணியில். பத்து மணி கைகோத்தால் அது ஒரு பெரிய மணி, பொத்தென்று கீழே இறங்கும். அது இறங்கிய இடத்தில் ஓடைபோல் வழி திறக்கும். நீ பார்க்கிற கோடு அதுதான்.

இதற்குக் கனமான மணி என்ன செய்யும்? அதே நேர்மின் சுமை, அதே பசை. விலை மட்டும் கூட.

நாளைக்கே செய்யக்கூடிய ஒரு சோதனை. 15 மி.லி. குழாயில் பஃபரில் சமன்செய்த மணி 1 மி.லி. போடு. உடைத்த ஈஸ்டை அதே பஃபரில் நன்றாக நீர்த்து, 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி (கலங்கலின் அளவு) ஒன்றுக்குள் வருமாறு வைத்துக்கொள். அதில் 9 மி.லி. ஊற்றிப் பதினைந்து நிமிடம் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்து. ஒரு நிமிடம் நிறுத்தி வை. மணி இறங்கிவிடும், ஈஸ்ட் இறங்காது. மேலே இருப்பதை எடுத்து மறுபடி ஒளியடர்த்தி பார். பக்கத்தில் மணி இல்லாத குழாய் ஒன்றையும் கட்டாயம் வை. அது இல்லாமல் எடுத்த எண்ணை என்னிடம் சொல்லாதே.

செப்டம்பர் 8

மணி இல்லாத குழாயில் 0.78. மணி உள்ளதில் 0.31. கேட்டதும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன், ஒட்டுக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் ஈஸ்டை நீ மணியில் பூசிக்கொண்டிருக்கிறாய் தம்பி. மற்ற எந்த முன்னேற்றமும் இதற்குப் பிறகுதான்.

செப்டம்பர் 16

மலேசிய தினம், வீட்டில் இருக்கிறேன், விரிவாக எழுதலாம்.

உப்பு போட்டால் ஈஸ்ட் ஒட்டாது என்று உன் மேலாளர் சொன்னது சரி. நீ சோதனைக் குழாயில் பார்த்ததும் சரி: உப்பு கூடக்கூட ஈஸ்ட் விலகுகிறது, கூடவே உன் நொதியும் விலகுகிறது. ஒட்டவைக்கும் விசை இரண்டுக்கும் ஒன்று. உப்பு யாரையும் பார்த்து விலக்காது. ஈஸ்ட் முக்கால்வாசி விட்டுப்போய், நொதி இன்னும் முக்கால்வாசி பிடித்திருக்கிற ஓர் இடம் இருக்கிறதா என்று ஐந்தாறு குழாயில் பார். சில புரதங்களுக்கு இருக்கும். உன்னுடையதுக்கு இல்லை என்றால் உப்பை மறந்துவிடு.

டிஎன்ஏ-வை வெட்டு. நியூக்ளியேஸ் நொதி கொஞ்சம் போட்டு, மெக்னீசியம் அயனியும் சேர்த்து, அரை மணி நேரம் வை. மெக்னீசியம் இல்லாமல் அது வேலை செய்யாது. ஃபாஸ்பேட்டும், மெக்னீசியத்தைப் பிடித்துவைக்கும் இடிடிஏ-வும் நிறைந்த பஃபரில் போட்டுவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் அதில் ஒருவன். இதில் இரட்டை லாபம்: பசை போகும், பாகும் இறங்கும்.

காசு செலவில்லாத வழி, செல்லை உடைக்கும் ஹோமோஜினைசரில் இன்னொரு முறை ஓட்டுவது. நூல்கள் அறுபடும், துண்டுகள் பொடியாகும். சென்ட்ரிபியூஜ் வைத்திருப்பவன் துண்டு பொடியானால் அழுவான். உனக்கு அது நல்லது, பொடித்துண்டு படுகையின் இடைவெளியில் சுலபமாக மேலே போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் விரிந்த படுகை மற்ற எல்லாவற்றுக்கும் எதிர்த்திசை, பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் சூட்டைக் கவனி, ஒவ்வொரு முறையும் கரைசல் சூடாகும். நொதி தாங்குமா என்று உனக்குத்தான் தெரியும்.

எதிர்மின் சுமை கொண்ட மணிக்கு மாறுவது இன்னொன்று. ஈஸ்டும் எதிர்மின், மணியும் எதிர்மின், ஒன்றையொன்று தள்ளும். நொதி மட்டும் நேர்மின் சுமையில் இருக்க வேண்டும், அதற்கு பிஎச்-ஐ இறக்க வேண்டிவரும். 5 பக்கம் இறக்கினால் ஈஸ்ட் துண்டுகள் தாமாகவே திரளும், அடித்தட்டு அடைபடும். கிணறு வெட்டப் பூதம்.

எனக்குப் பிடித்தது ஐந்தாவது. மணியின் வெளித்தோலில் மட்டும் பாலி அக்ரிலிக் அமிலத்தைப் பூசுவது. அது நீளமான எதிர்மின் சங்கிலி, மணியின் துளைக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. வெளியே படிந்து ஈஸ்டை விரட்டும். சின்னப் புரதம் துளை வழியே உள்ளே போய், பூசப்படாத இடங்களில் ஒட்டிக்கொள்ளும். வாசலில் காவலாளியை நிறுத்துவது போல, வீட்டுக்காரர் வந்துபோகலாம், லாரி வர முடியாது. கொள்ளளவு கொஞ்சம் குறையும். காஸ்டிக் கழுவலுக்குப் பிறகு பூச்சு மிச்சம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அதே குழாய்ச் சோதனையில் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 16, மாலை

மேலே உள்ளதற்கு ஒரு விதிவிலக்கு. பிடிக்க வேண்டியதே பெரிதாக இருந்தால் பூச்சு உதவாது. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்த ஈ.கோலையிலிருந்து ஹெபடைடிஸ் பி-யின் உட்கருப் புரதத்தை விரிந்த படுகையில் நேராகப் பிடித்தார்கள். அது தனிப் புரதமாக இருக்காது, 30 நானோமீட்டர் அளவு பந்தாகத் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். அந்த அளவுப் பந்துக்கு மணியின் வெளித்தோல்தான் பெரும்பாலும் கதி. வெளித்தோலில் காவலாளியை நிறுத்தினால் வீட்டுக்காரரும் வெளியே. உன் நொதி சின்னது, கவலைப்படாதே.

செப்டம்பர் 27

நியூக்ளியேஸும் ஒரு கூடுதல் ஓட்டமும் சேர்ந்து 0.31-ஐ 0.62 ஆக்கிவிட்டன என்கிறாய். பூச்சு இல்லாமலேயே! நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. உன் பசையில் பெரும்பங்கு ஈஸ்ட் சுவர் இல்லை, டிஎன்ஏ-வும் ஆர்என்ஏ-வும்தான். அப்படியென்றால் 16-ஆம் தேதி எனக்குப் பிடித்தது ஐந்தாவது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். உனக்கு இரண்டும் மூன்றும் போதும்.

அக்டோபர் 4

கழுவுவதைப் பற்றிக் கேட்டாய். சுருக்கமாக: ஏற்றி முடித்ததும் மூடியை உடனே கீழே இறக்காதே. ஈஸ்ட் உள்ளே இருக்கும்போது படுகையை அமுக்கினால் ஈஸ்டையும் சேர்த்து அடை மாதிரி அமுக்குவாய். விரிந்த நிலையிலேயே, மேலே வருவது தெளியும் வரை கழுவு. பஃபரில் கொஞ்சம் கிளிசரால் கலந்தால் அது கெட்டியாக, அடர்த்தியாகக் கீழிருந்து ஏறி, ஈஸ்ட் கரைசலைப் பிஸ்டன் போல மேலே தள்ளும், கழுவும் தண்ணீர் மிச்சம். படுகை உயரும், ஓட்டத்தைக் குறைத்துக்கொள். அப்புறம் ஓட்டத்தை நிறுத்தி, மணி அமர்ந்த பிறகு மூடியை இறக்கி, உப்பால் நொதியை வெளியே எடு. கடைசியில் 1 மோலார் உப்பு கலந்த காஸ்டிக் சோடா, சில மணி நேரம், அதுவும் மேல்நோக்கி.

இந்த முறை உலகம் முழுக்கப் பரவாமல் போனதற்கு இந்தக் கழுவலும் ஒரு காரணம். முதல் ஓட்டம் அழகு, ஐந்தாவது ஓட்டத்தில் மணி பழுப்பு. அதற்குள் ஆழ்வடிகட்டிகள் மலிவாகவும் நல்லதாகவும் வந்துவிட்டன, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பைகள் வந்தன, பாலூட்டிச் செல்லில் வேலை செய்பவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் இன்னும் இதைக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம் அறிவு இல்லை, பாசம். மணிகள் மெதுவாக எழும்பி, அடுக்கு கட்டி, ஒரு தெளிந்த மேல்விளிம்பு நேர்கோடாக நிற்கும் பார், அதை முதல் தடவை பார்த்த அன்றைக்கு நான் மதியச் சாப்பாட்டுக்கே போகவில்லை.

அக்டோபர் 5

அடித்தட்டை மறந்தே போனேன்! ஹோமோஜினைசரில் அடித்த கரைசல் நுரை நிறைந்தது. குமிழி தட்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டால் அந்தத் துளைகள் வழியே கரைசல் வராது, அதற்கு மேலே மணி செத்துக் கிடக்கும். பம்புக்கும் தூணுக்கும் நடுவே ஒரு குமிழிப் பொறி வை. ஏற்றத் தொடங்குவதற்கு முன் தட்டின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார். எங்களிடம் இருந்த பழைய டார்ச்சுக்கு 'அதிகாரி' என்று பெயர் வைத்திருந்தோம், எதையும் கண்டுபிடிக்கும்.

அக்டோபர் 18

படம் பார்த்தேன். மேல்விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல நிற்கிறது. நாற்பது நிமிடம் ஓடியும் கோடு விழவில்லை, நொதி பத்தில் ஒன்றுகூட வெளியே போகவில்லை என்கிறாய். புது மணி வாங்கவில்லை. விற்பனையாளரிடம் கோபித்துக்கொள்ளாதே, பாகு இன்னும் இறங்காத வேறொரு சரக்கு வந்தால் அவருடைய மணி உனக்குத் தேவைப்படும். அன்றைக்கு நானே வாங்கச் சொல்வேன்.

ஆனால் படத்தில் இன்னொன்று பார்த்தேன். தூணுக்குப் பின்னால் கதவுச் சட்டம் தெரிகிறது. தூணும் சட்டமும் இணையாக இல்லை. ஒன்று உன் கதவு கோணல், இல்லையென்றால் உன் தூண் கோணல்.

அக்டோபர் 20

நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டாயா? ஆறு மில்லிமீட்டரா? ஆக, ஆகஸ்டு 13-ஆம் தேதி எழுதியதும் வீண் போகவில்லை. 'முதல் நிமிடத்திலேயே அசிங்கமாக இருக்கும்' என்று செப்டம்பரில் எழுதியதைத்தான் இப்போது திருத்த வேண்டும், ஆறு மில்லிமீட்டர் அசிங்கம் உன் கண்ணுக்குத் தெரியவில்லை. சக்கரங்களைக் கழற்றிவிட்டு, திருகிச் சரிசெய்யும் கால்கள் போடு. அசிட்டோன் சோதனையை முன்னும் பின்னும் எடுத்து இரண்டு வரைபடத்தையும் அனுப்பு.

ரசமட்டம் வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை பட்டர்வொர்த் வருகிறேன், தருகிறேன். அந்த மேஸ்திரியுடையது. பல வருடங்களாகத் திருப்பிக் கொடுக்கவில்லை.